மலையில் மீன் தொட்டி: நீலகிரி வீடுகளுக்கான முழு வழிகாட்டி

மலையில் மீன் வளர்க்கப் போகிறேன் என்று கோயம்புத்தூர் கடையில் சொன்னால் முதலில் எடுத்து வைப்பது ஹீட்டர்தான். "ஹீட்டர் இல்லாம அங்க மீன் நிக்காதுங்க" என்பார்கள். அவர்கள் தொட்டியில் நீந்தும் ஏஞ்சல், கௌராமி, நியான் டெட்ரா, மோலி இவற்றுக்கு அது சரி. 25, 26 டிகிரித் தண்ணீருக்குப் பழகிய மீன்கள் அவை. குன்னூரில் ஜனவரி காலையில் என் கூடத்தில் 14 டிகிரி இருக்கும், ஊட்டியில் இன்னும் கீழே. பத்துப் பன்னிரண்டு டிகிரியை இரவு பகலாக ஏற்றிப் பிடிப்பதற்கு ஆகும் மின்சாரத்தை விடுங்கள், மழைக்காலத்தில் கம்பி மேல் மரம் விழுந்து ஆறு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனால் அந்த மீன்களின் கதி என்ன என்று யோசியுங்கள்.

நான் சொல்வது வேறு வழி. தண்ணீரைச் சமவெளித் தண்ணீர் ஆக்கப் பாடுபடாமல், குளிரை விரும்பும் மீன்களாகத் தேர்ந்தெடுத்து ஒரு கூட்டுத் தொட்டி அமைப்பது. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கொடைக்கானலிலும் இது அப்படியே பொருந்தும்.

குளிர்ந்த தண்ணீருக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான், தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். கடல் மட்டத்தில் 26 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால் ஊட்டியில் அதே தண்ணீர் 6 சொச்சம்தான் பிடிக்கும். 19 டிகிரியில் வைத்தால் 7க்கு மேல் வரும். அதாவது இங்கே தண்ணீரைச் சூடாக்குகிறவர் மீனின் மூச்சையும் சேர்த்துக் குறைக்கிறார்.

முதல் படி: தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று நினைத்து ஒரு அடித் தொட்டி வாங்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் அழுக்கும் வேகமாக ஏறும், இரவுக் குளிரும் வேகமாக இறங்கும். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம் நல்ல அளவு. விளிம்பு வரை 106 லிட்டர், கல்லும் செடியும் போக 90 லிட்டர் நிற்கும். வாங்கியதும் வீட்டுக்கு வெளியே சமதரையில் தெர்மகோல் மேல் வைத்து, நிரப்பி, இரண்டு நாள் விட்டு, சிலிக்கான் ஒட்டிய மூலைகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரம் தட்டினால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிரம்பிய தொட்டி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 150 கிலோவைத் தொடும். நம் ஊர் பழைய வீடுகளில் பலகைத் தளம் உண்டு. அப்படியானால் சுவரை ஒட்டி, பலகையைத் தாங்கும் கட்டைகளுக்குக் குறுக்காகத் தொட்டியின் நீளம் வருகிற மாதிரி வையுங்கள், நடு அறையில் வேண்டாம். ஜன்னலடியும் வேண்டாம்: பகலில் வெயில் பட்டுப் பாசி பிடிக்கும், இரவில் கண்ணாடி வழியாகக் குளிர் இறங்கும். தொட்டிக்கு அடியிலும் பின்பக்கமும் இரு ஓரங்களிலும் அரை அங்குலத் தெர்மகோல், மேலே கண்ணாடி மூடி. இந்த இரண்டு மட்டுமே இரவில் இறங்கும் வெப்பத்தைப் பாதியளவு தடுத்துவிடுகிறது என்பது என் அனுபவம். மூடி இன்னொன்றுக்கும் வேண்டும், நாம் வளர்க்கப் போகும் ஜீப்ரா மீன் நன்றாகத் துள்ளும்.

தொட்டி அறையில் கொசுவர்த்தி, பூச்சி மருந்து ஸ்பிரே, கரி அடுப்பு எதுவும் கூடாது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு மீனுக்கு முன்னால் நமக்கே ஆபத்து, அது வேறு. அப்புறம் நம் வீடுகளில் தைலம். சளிக்கு நெஞ்சில் தேய்த்த கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டால் மேலே எண்ணெய்ப் படலம் மின்னும். சோப்பு போட்டுக் கழுவி, சோப்பே இல்லாத அளவுக்கு மறுபடி கழுவிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

ஃபில்டர், ஹீட்டர், கரண்ட்

இந்தத் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் இரண்டு, மூலைக்கு ஒன்று. விலை குறைவு, மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜனும் ஏறும். கரண்ட் போனாலும் ஸ்பான்ஜ் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே இருக்கும், அதில் வாழும் பாக்டீரியா மூடிய டப்பா ஃபில்டரில் சாகிற வேகத்தில் சாகாது. ஏர் குழாயில் செக் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்ப்பில் புகும். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். நீண்ட நேரம் கரண்ட் இல்லாத இரவில் அது ஓடினால் போதும், தொட்டியைச் சுற்றி ஒரு கம்பளி. 90 லிட்டர் தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும்.

ஹீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பிடிக்க ஒன்று தேவை. 200 வாட் ஒன்றுக்குப் பதில் 100 வாட் இரண்டு போடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்காமல் எரிந்தாலும் தண்ணீர் கொதிக்காது, ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை நிறுத்தி கால் மணி நேரம் கழித்தே தண்ணீரை இறக்குங்கள், சூட்டோடு வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

நம் தண்ணீர்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மலையில் தொட்டி கெடுவதற்குக் குளிரை விட இதுதான் பெரிய காரணம்.

நீலகிரிப் பாறையில் சுண்ணாம்பு குறைவு, அதன் மேல் ஓடி வரும் தண்ணீர் மென்மையானது. துணிக்கு நன்றாக நுரை வரும், பாத்திரத்தில் உப்புப் படியாது. ஆனால் மீன் தொட்டியில் அமிலம் சேரச் சேர அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு பொருள் வேண்டும், அதுதான் கார்பனேட் கடினத்தன்மை, சோதனைப் பெட்டியில் கே.ஹெச் என்று போட்டிருக்கும். என் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் அது 1, சில மாதம் 2. மீன் கழிவு உடைந்து நைட்ரேட் ஆகும்போது அமிலம் உண்டாகிறது, அந்தக் கொஞ்சக் கார்பனேட்டும் தீர்ந்துபோகிறது, பி.ஹெச் (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) கீழே இறங்குகிறது. 6க்குக் கீழே போனால் கழிவை உடைக்கும் பாக்டீரியாவே ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு இழப்பில். குடும்ப விஷயமாக இரண்டு மாதம் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தினமும் தீனி போட்டு, குறைந்த தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, மீன்களும் நன்றாகவே நீந்தின. ரொம்ப நாள் ஆயிற்றே என்று ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றினேன். அரை மணி நேரத்தில் ஜீப்ராக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, செவுளின் ஓரம் ரத்தச் சிவப்பு. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, ஃபில்டர் குமிழிகள் தள்ளிய பக்கமெல்லாம் போயிற்று. இரவுக்குள் பதினொன்றில் ஏழு செத்தன.

நடந்தது இதுதான். பி.ஹெச் இறங்கி பாக்டீரியா தூங்கிவிட்டதால் அம்மோனியா சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் விஷமில்லாத அம்மோனியமாகத்தான் இருக்கும். நான் ஊற்றிய புதுத் தண்ணீர் பி.ஹெச்சைச் சட்டென்று தூக்கியது. பி.ஹெச் ஒரு புள்ளி ஏறினால் விஷ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். பி.ஹெச் குதித்த அதிர்ச்சியும் சேர்ந்துகொண்டது. ஆகவே நீண்ட நாள் கவனிக்காத தொட்டியில் ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாரம் மாற்றுங்கள்.

இதற்கு நிரந்தர மருந்து மலிவானது: கிளிஞ்சல். நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து, உடைத்து, இரண்டு கைப்பிடியைக் கொசுவலைத் துணியில் முடிந்து ஸ்பான்ஜ் ஃபில்டருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடும் இடத்தில் போடுங்கள். அமிலம் கூடினால் கரையும், கூடாவிட்டால் சும்மா கிடக்கும். கே.ஹெச் 3 முதல் 5 வரை நின்றால் போதும்.

தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ஓடை, ஊற்று, கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்தில் செம்பு உண்டு, மென்மையான தண்ணீரில் செம்பு மீனுக்குக் கடும் விஷம், நத்தைக்கும் இறாலுக்கும் அதைவிட மோசம். கூரையில் பிடித்த மழைநீரும் மருந்தடிக்கும் நாட்களில் வேண்டாம். கீசர் வெந்நீரும் வேண்டாம், உள்ளே செம்பு இருக்கலாம். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின், பாட்டிலில் போட்டிருக்கும் அளவில்.

மண், கல், செடி

ஆற்றுக் கூழாங்கல், பட்டாணி அளவு, இரண்டு அங்குல உயரம். அலசிய தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். சோலையிலிருந்தோ காப்புக்காட்டு ஓடையிலிருந்தோ கல், கட்டை, பாசி எதையும் எடுத்து வராதீர்கள். சட்டப்படி தவறு, அந்தக் கல்லுக்கு அடியில்தான் ஓடையின் பூச்சியும் தலைப்பிரட்டையும் பிழைக்கின்றன.

செடிகளில் எங்களூர்க் குளிருக்கு அசராதவை ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்நேரியா, ஹார்ன்வொர்ட், எலோடியா. ஜாவா ஃபெர்னின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும், கட்டையில் நூலால் கட்டுங்கள். எல்.இ.டி விளக்கு ஒரு நாளைக்கு 6, 7 மணி நேரம், டைமரில். மூடுபனி நாள் ஆயிற்றே என்று கூட்டி எரிக்க வேண்டாம்.

மீனில்லாத ஆறு வாரம்

பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், கடைசியானதைச் செடியும் தண்ணீர் மாற்றமும் பார்த்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியா ஸ்பான்ஜில் குடியேற வேண்டும், குளிரில் அது ரொம்ப மெதுவாகப் பெருகும். 18 டிகிரியில் இரண்டு, மூன்று மாதம்கூட இழுக்கும்.

அதனால் ஒரு உத்தி: இந்தச் சமயத்தில் தொட்டியில் மீன் இல்லையே, இரண்டு ஹீட்டரையும் போட்டு 27 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுங்கள். யாராவது நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அந்த ஃபில்டர் ஸ்பான்ஜை உங்கள் தொட்டிக்குள் பிழிந்துவிடுங்கள், கலங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அதைவிட நல்ல விதை கிடையாது. திரவச் சொட்டுச் சோதனைப் பெட்டியில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி தொடர்ந்து போட்டும் இரண்டும் ஒரு வாரம் பூஜ்யத்திலேயே நின்றால் தயார். நான்கு வாரத்திலும் ஆகலாம், ஆறு வாரத்திலும் ஆகலாம், நாட்காட்டியை நம்பாமல் சோதனையை நம்புங்கள். முடிந்ததும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள்.

எந்த மீன்?

என் முதல் தேர்வு ஒயிட் கிளவுட். சீனாவில் குவாங்சௌ நகரத்தை ஒட்டிய வெண்மேக மலையின் ஓடைகளில் கண்டெடுத்த மீன், 1932இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். ஒன்றரை அங்குலம்தான், உடலில் ஓடும் கோடும் சிவந்த வாலும் 17, 18 டிகிரியில் பளிச்சென்று இருக்கும், 27இல் வைத்தால் வெளிறிச் சீக்கிரம் செத்துவிடும். சமவெளியில் இதை வளர்க்கத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டியிருக்கும், நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்தது ஜீப்ரா டேனியோ, நம் நாட்டு மீன், 18லும் சுறுசுறுப்பாக ஓடும். அடியில் திரிய பெப்பர்டு கோரிடோராஸ். மூன்றுமே கூட்டமாக வாழ்பவை, 90 லிட்டருக்கு 10 ஒயிட் கிளவுட், 8 ஜீப்ரா, 6 கோரி போதும். இன்னும் இரண்டு சேர்த்தால் என்ன என்று தோன்றும், வேண்டாம். இங்கே காற்றிலேயே ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதை மறக்காதீர்கள்.

நாலு அடித் தொட்டி உள்ளவர்கள் ரோஸி பார்ப் சேர்க்கலாம். மிஸ் கேரளா நம் மேற்குத் தொடர்ச்சி மலை மீன்தான், குளிரும் தாங்கும், ஆனால் காட்டாறுகளில் பிடித்துப் பிடித்தே அருகிப்போன இனம். பண்ணையில் இனப்பெருக்கம் செய்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அதுவும் ஐந்தடித் தொட்டிக்கு. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கொடுக்கும் சக்கர் மீனை வாங்கவே வாங்காதீர்கள், ஒரு அடிக்கு மேல் வளரும், சுத்தமும் செய்யாது. தங்கமீனுக்கும் குளிர் பிடிக்கும், ஆனால் வாய்க்குள் போகும் சின்ன மீனை விழுங்கும், கழிவும் அதிகம். அதற்குத் தனித் தொட்டி.

கீழேயிருந்து மேலே கொண்டு வருவது

கோயம்புத்தூரில் வாங்கிய பையில் தண்ணீர் 28 டிகிரி, உங்கள் தொட்டி 18. பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டுத் திறந்துவிட்டால் மீன் பத்து டிகிரி வீழ்ச்சியைத் தாங்காது. மீன் வருவதற்கு முன்பே தொட்டியை 25 டிகிரியில் வையுங்கள். பேருந்தில் வந்தால் பையைச் செய்தித்தாளில் சுற்றித் தெர்மகோல் பெட்டியில் கொண்டு வாருங்கள். கடையில் கட்டும்போதே ஆக்சிஜன் நிரப்பச் சொல்லுங்கள், கூடவே பையைக் கொஞ்சம் தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை உப்பும், குன்னூர் வரும்போது மத்தளம் மாதிரி விறைத்திருக்கும், இறுகக் கட்டியிருந்தால் முடிச்சு நெகிழும்.

பையைத் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு பாத்திரத்தில் ஊற்றி, பத்து நிமிடத்துக்கு ஒரு தம்ளர் வீதம் தொட்டித் தண்ணீரைச் சேருங்கள், ஒரு மணி நேரம். வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. மறுநாளிலிருந்து தினமும் ஒரு டிகிரி வீதம் ஹீட்டரைக் குறைத்து 19க்கு வாருங்கள். முதலில் ஆறு ஜீப்ரா மட்டும், மூன்று வாரம் கழித்து அடுத்த கூட்டம். அடுத்த கூட்டத்தை வேறு ஒரு சின்னத் தொட்டியில் நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

நான்கு வாரம் எதற்கு என்றால் வெள்ளைப்புள்ளி நோய்க்காக. உடலில் ரவை தூவிய மாதிரிப் புள்ளிகள், கல்லில் உடலை உரசும். அந்த ஒட்டுண்ணியின் ஒரு சுற்று 26 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும், 17இல் அதைவிட வெகு நாள் இழுக்கும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் அது கல்லிடுக்கில் பெருகித் திரும்ப வரும். இரண்டு நாளில் மெல்ல 24க்கு ஏற்றி, லிட்டருக்கு 2 கிராம் அயோடின் கலக்காத கல் உப்பை மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் தொடருங்கள். கோரிக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது, அதற்குப் பாதி அளவில் தனியே.

வாராவாரம்

கால் பங்குத் தண்ணீர் மாற்றம், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவே வாளிகளை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். உறைபனிக் காலத்தில் குழாய்த் தண்ணீர் பத்து டிகிரிக்குக்கூட இருக்கும், அடுப்பில் காய்ச்சிய தண்ணீர் கொஞ்சம் கலந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, தொட்டியோடு இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் ஊற்றுங்கள். ஸ்பான்ஜை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இரண்டு ஸ்பான்ஜையும் ஒரே நாளில் பிழியாமல் ஒரு வாரம் ஒன்று.

தீனி, ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. குளிரில் செரிமானம் மெதுவாகும், கரண்ட் இல்லாமல் தண்ணீர் 16க்குக் கீழே போகும் நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் யாரையும் தீனி போடச் சொல்ல வேண்டாம், வளர்ந்த மீன் தாங்கிக்கொள்ளும். கூடுதல் தீனியில் கெட்ட தொட்டிகள்தான் நான் அதிகம் பார்த்தது.

மீன் பெருகினாலோ வளர்க்க முடியாமல் போனாலோ கடையில் கொடுங்கள், தெரிந்தவருக்குக் கொடுங்கள். ஊட்டி ஏரியிலோ ஓடையிலோ விடாதீர்கள். நாம் தேர்ந்தெடுத்ததெல்லாம் குளிரில் பிழைக்கும் மீன், கீழ்நாட்டு மீன் மாதிரி முதல் பனியில் செத்துப் போகாது. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டு வந்த சாதாக் கெண்டை இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது.

மாதம் ஒரு முறை கே.ஹெச்சும் பி.ஹெச்சும் பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கே.ஹெச் 3க்குக் கீழே வந்தால் அந்த வலைத் துணி முடிச்சைப் பிரித்துப் பாருங்கள், கிளிஞ்சல் மெலிந்து ஓரம் கூர்மழுங்கிப் போயிருக்கும். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், அதன் மேலும் பாக்டீரியா இருக்கும். புதிதாக ஒரு கைப்பிடி கழுவிச் சேர்த்து முடிந்து, அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.